35 வயதில் எல்.எல்.பி படிக்கலாமா? வயது தடையில்லை, சம்பளம்தான் சிக்கல்

வேலையில் சேர்ந்து பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. டீம் லீட், மேனேஜர் என்று ஏதோ ஒரு பதவி. வீட்டுக் கடனில் பாதி முடிந்திருக்கிறது. இந்த நேரத்தில் 'சட்டம் படிச்சா என்ன?' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், நீங்கள் செய்த முதல் வேலை கூகுளில் எல்.எல்.பி வயது வரம்பைத் தேடியதாகத்தான் இருக்கும்.

அங்கே கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. 30 வயதுக்கு மேல் முடியாது என்று ஒரு தளம் சொல்லும். வயது வரம்பே இல்லை என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே வெவ்வேறு காலத்தில் உண்மையாக இருந்தவை. ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. 'என் சம்பளம் எந்த மாதத்தில் நிற்கும், எத்தனை வருஷத்துக்கு நிற்கும்?' என்பதுதான் கேள்வி. இந்தியாவில் வக்கீல் தொழிலைக் கட்டுப்படுத்தும் விதிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், நடுவயதில் வருபவரை உண்மையில் தடுத்து நிறுத்துவது அந்த இடம்தான்.

வயதுக் குழப்பத்தை முதலில் முடித்துவிடலாம்.

இந்திய பார் கவுன்சில் 2008ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டக் கல்வி விதிகளில் வயது வரம்பு இருந்தது. பிளஸ் டூ முடித்துச் சேரும் 5 ஆண்டுப் படிப்புக்கு 20 வயது, பட்டப்படிப்புக்குப் பிறகு சேரும் 3 ஆண்டுப் படிப்புக்கு 30 வயது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சில ஆண்டுகள் தளர்வு உண்டு. 2013இல் பார் கவுன்சிலே அந்த விதியைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற விதம் செல்லாது என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2016 செப்டம்பரில் பார் கவுன்சில் மறுபடியும் வரம்பைக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பம் என்றால் இணையத்தில் பழைய பதில்கள் மிதப்பதில் ஆச்சரியமில்லை. 2020இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 77 வயதுப் பெண் ஒருவர், தான் சட்டம் படிக்க வயது வரம்பு குறுக்கே நிற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் செய்தியானது.

படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யவும் வயது வரம்பு இல்லை. 45 வயதைத் தாண்டியவர்களைப் பதிவு செய்ய முடியாது என்று பார் கவுன்சில் ஒரு காலத்தில் விதி போட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, 38 வயதில் சேர்ந்து 41 வயதில் பதிவு செய்வதை வயதைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. 2017 உத்தரவு இடைக்காலத் தடைதான் என்பதால், சேரப்போகும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கே, எப்படிச் சேர்வது?

நிறைய பேர் 'கிளாட்' கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் விவரம் கேட்கிறார்கள். கிளாட் இளநிலைத் தேர்வு, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் 5 ஆண்டுப் படிப்புக்கானது. ஏற்கெனவே டிகிரி வைத்திருக்கும் உங்களுக்கு வேண்டியது 3 ஆண்டு எல்.எல்.பி. அதற்கான வாசல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் பெரும்பாலும் டிகிரி மதிப்பெண்தான் கணக்கு. மகாராஷ்டிரா, கேரளா, ஆந்திரா, தெலங்கானாவில் மாநில நுழைவுத்தேர்வு இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகமும் பனாரஸ் இந்து பல்கலைக்கழகமும் முதுநிலை சி.யு.இ.டி வழியாக எடுக்கின்றன. பெங்களூருவின் தேசிய சட்டப் பள்ளி 2022 முதல் 3 ஆண்டுப் படிப்பைத் தனி நுழைவுத்தேர்வு வைத்து நடத்துகிறது. பொறியியல், அறிவியல் படித்தவர்களுக்காக ஐஐடி கரக்பூரில் அறிவுசார் சொத்துரிமையை மையமாகக் கொண்ட எல்.எல்.பி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

டிகிரியில் பொதுப்பிரிவினருக்கு 45%, ஓபிசிக்கு 42%, எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 40% என்பது பார் கவுன்சிலின் குறைந்தபட்ச அளவு. பத்தாவது, பிளஸ் டூ எதுவும் இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரி செல்லாது. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபால் வழியில் டிகிரி படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா?

விதிப்படி பார்த்தால் ரொம்பக் கஷ்டம். தபால் வழி எல்.எல்.பிக்கு அங்கீகாரம் கிடையாது. யாராவது விளம்பரம் செய்தால் நகர்ந்துவிடுங்கள். விடுதியோடு இயங்காத கல்லூரிகளில் வகுப்புகள் காலை 8 மணி முதல் இரவு 7 மணிக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. ஆபீஸ் முடிந்து 7.30க்குப் போய்ப் படித்த அந்தக்கால ஈவ்னிங் காலேஜ் கதைகளை அப்பா, சித்தப்பா தலைமுறையிடம் கேட்டிருப்பீர்கள். இப்போது அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒவ்வொரு பாடத்திலும் 70% வருகை வேண்டும். விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65% வரை இறங்கலாம், ஆனால் மொத்தத்தில் 70% இருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் பார் கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டக் கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப்பதிவு, சிசிடிவி கேமரா வைக்கச் சொன்னது. மாணவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும், இருந்தால் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்றது. இதற்கு நேர் எதிரான திசையில் 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகை குறைவு என்பதற்காகச் சட்ட மாணவர்களைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மாணவர்களின் மனநலத்தை முன்னிட்டு வந்த தீர்ப்பு அது. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கான சலுகை என்று எடுத்துக்கொண்டு மூன்று வருஷத் திட்டத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

'நீங்க வரவே வேண்டாம் சார், எக்ஸாமுக்கு மட்டும் வாங்க' என்று பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி ஏஜெண்டுகள் போன் செய்வதும் நடக்கிறது. 'லெட்டர்பேட் கல்லூரிகள்' என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பேசப்பட்ட வகை இது. வேறு ஊரில் முழுநேரச் சம்பளம் வாங்கிய அதே மாதங்களில் நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சான்றிதழ் சொன்னால், பதிவுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது அது கேள்வியாகும். வருமான வரிக் கணக்கும் பி.எஃப் பதிவும் இருக்கும் காலத்தில் இதை மறைப்பது சுலபமில்லை.

நடைமுறையில் மீதி இருப்பது மூன்று வழி. காலை அல்லது பிற்பகலோடு வகுப்பு முடியும் கல்லூரி, அதற்கு ஒத்துவரும் ஷிஃப்ட், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி மூன்றும் ஒன்றாக அமைவது முதல் வழி. வேலையை விடுவது இரண்டாவது. ஃப்ரீலான்ஸ், கன்சல்டிங் என்று உங்கள் நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளும் வருமானத்துக்கு மாறுவது மூன்றாவது. என் பார்வையில் மூன்றாவதுதான் அதிகம் பேருக்கு நடக்கக்கூடியது. ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே அடித்தளம் போட வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருந்தவரை பாரிமுனையில் இறங்கினால் கல்லூரி. 2018இல் அது பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்து மாற்றப்பட்டது. ஊருக்குள் வேலை வைத்திருப்பவருக்கு வகுப்பை விடப் பயணம்தான் அதிக நேரம் எடுக்கும்.

பட்டம் கையில் வந்த பிறகு

வெளியே அதிகம் பேசப்படாத விதி இங்கேதான் இருக்கிறது. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் விதி 49 இதைச் சொல்கிறது. சனிக்கிழமை மட்டும் கோர்ட்டுக்குப் போகிறேன், மாலையில் மட்டும் கேஸ் பார்க்கிறேன் என்பதற்கெல்லாம் இடமில்லை. ஏற்கெனவே பதிவு செய்தவர் வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். சொந்தத் தொழிலையும் நேரடியாக நடத்த முடியாது. பணம் மட்டும் போட்டு ஒதுங்கி நிற்கும் பங்குதாரராக இருக்கலாம், அதுவும் மாநில பார் கவுன்சில் ஆட்சேபிக்காத தொழிலாக இருந்தால்.

நீதிமன்றம் இதை எவ்வளவு கறாராகப் பார்க்கிறது என்பதற்கு ஒரு வழக்கு. மும்பையில் மருத்துவராக இருந்த ஒருவர் எல்.எல்.பி முடித்து, மருத்துவத்தை விடாமலே வக்கீலாகவும் பதிவு செய்யக் கேட்டார். மகாராஷ்டிரா பார் கவுன்சில் மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டம் முழு நேரத்தையும் கவனத்தையும் கேட்கும் தொழில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற ரீதியில் 1996இல் தீர்ப்பு வந்தது. இவ்வளவு ஏன், பதிவு செய்த வக்கீல்கள் பகுதிநேரப் பத்திரிகையாளராகக்கூட இருக்க முடியாது என்று 2024 டிசம்பரில் பார் கவுன்சில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எல்.எல்.பி யோசனை அவ்வப்போது தலைதூக்கும் எங்கள் நியூஸ்ரூமில் அன்று அது பரபரப்பாகப் பகிரப்பட்ட செய்தி.

பதிவுக்கு ஆகும் செலவு மட்டும் குறைந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பொதுப்பிரிவினருக்குச் சொல்வது மொத்தம் 750 ரூபாய், எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 125 ரூபாய். ஆனால் மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் பல்லாயிரம் வசூலித்து வந்தன. ஒடிசாவில் 42,000 ரூபாய் வரை போனது. சட்டத்தில் உள்ளதைத் தாண்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு. 100 கொள்குறி வினாக்கள், பொதுப்பிரிவுக்கு 45% தேர்ச்சி. பத்து வருஷம் அலுவலக வேலை பார்த்தவருக்கு இது பெரிய மலை இல்லை. இறுதியாண்டு மாணவர்களையும் எழுத விடச் சொல்லி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், சில மாதங்கள் மிச்சமாக வாய்ப்பிருக்கிறது.

நீதிபதி கனவு இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கீழ்நிலையில் இருக்கும் சிவில் நீதிபதி பதவிக்கு, படித்து முடித்ததுமே தேர்வு எழுதலாம் என்று 2002 முதல் இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, குறைந்தது 3 ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்றது. கோர்ட்டைப் பார்க்காத 23 வயதுக்காரர்கள் நீதிபதி நாற்காலியில் உட்காருவதைத் தவிர்க்கவே இந்தத் தீர்ப்பு. நியாயமான காரணம். ஆனால் அதன் பாரம் உங்கள் மீதும் விழுகிறது.

30 வயதில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். 33இல் பட்டம், 36இல் மூன்று ஆண்டு அனுபவம் முடியும். சிவில் நீதிபதிக்கான உச்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், பொதுப்பிரிவுக்குப் பல மாநிலங்களில் 35ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது 30 வயதில் சேர்ந்தாலே பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குக் கிடைக்கும் தளர்வு இங்கே பெரிய வித்தியாசத்தைத் தரும்.

இன்னொரு வழி, மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடித் தேர்வு. அரசியலமைப்பின் 233ஆவது பிரிவு வக்கீல்களுக்குக் கேட்பது 7 ஆண்டு அனுபவம். பல மாநிலங்களில் வயது 35 முதல் 45 வரை. 34இல் சேர்ந்தால் 37இல் பட்டம், 44இல் தகுதி. கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. 38இல் சேர்ந்தால் தகுதி வரும்போது வயது 48. நீதிபதி ஆவதுதான் நோக்கம் என்றால் 30களின் நடுவில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தாமதமான முடிவு. இதைக் கல்லூரி விளம்பரங்கள் உங்களுக்குச் சொல்லாது.

சரி, எவ்வளவு பணம் வேண்டும்?

ஜூனியர் வக்கீல்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பஸ் செலவுக்குக்கூடப் போதாத தொகை, அல்லது ஒன்றுமே இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வழிசெய்யும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதை அழுத்திப் படியுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு மாதம் 50,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டுப் படித்தால் மூன்று வருஷத்துக்கு 18 லட்சம். அதற்குப் பிறகு ஜூனியராக மூன்று வருஷம், பரிந்துரைத்த 20,000 முழுதாகக் கிடைத்தாலும் மாதம் 30,000 துண்டு விழும்; அது 10.8 லட்சம். இரண்டும் சேர்ந்து 28.8 லட்சம். விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கவில்லை, ஸ்டைபண்ட் வராத மாதங்களைச் சேர்க்கவில்லை. இதற்குப் பக்கத்தில் ஒரு அரசு சட்டக் கல்லூரியின் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் 'ஃபீஸ் கம்மிதான், சேர்ந்துடலாம்' என்ற கணக்கு ஏமாற்றும் கணக்கு. இணை சம்பாதிக்கிறாரா, வீட்டுக் கடன் எப்போது முடிகிறது, ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடு போனால் அப்பா அம்மாவுக்கு என்ன ஏற்பாடு என்பவைதான் இந்த முடிவைத் தீர்மானிக்கும்.

பணத்தை விட்டால் இன்னொன்று. சேம்பரில் உங்கள் சீனியர் உங்களைவிட ஆறேழு வயது சின்னவராக இருக்கலாம். 'சார்' என்று கூப்பிட்டு, அவர் சொல்லும் பண்டலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். நேற்றுவரை இருபது பேருக்கு அப்ரைசல் போட்டவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

பழைய அனுபவம் எங்கே விலை போகும்?

இவ்வளவும் சொன்னதால் வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் பத்து வருஷத்தை மறந்துவிட்டு 23 வயதுக்காரரோடு அதே வரிசையில் நின்றால்தான் நஷ்டம். பழைய துறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் கதை வேறு.

சட்டங்களே புதிதாகிக்கொண்டிருக்கும் நேரம் இது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் அதே மாதம் அறிவிக்கப்பட்டன. முப்பது வருஷ சீனியரும் இவற்றைப் புதிதாகத்தான் படிக்கிறார். ஒரு நிறுவனத்தின் சர்வரில் வாடிக்கையாளர் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் யார் கைக்குப் போகிறது என்பதை உள்ளிருந்து பார்த்த மென்பொருள் ஊழியருக்குத் தரவுப் பாதுகாப்பு வழக்கின் பாதி ஏற்கெனவே தெரியும். எச்.ஆரில் இருந்தவருக்கு தொழிலாளர் சட்டம், வங்கியில் கடன் வசூல் பார்த்தவருக்கு சர்ஃபாசி வழக்குகளும் 2016ஆம் ஆண்டு திவால் சட்டமும், சிவில் இன்ஜினியருக்கு கட்டுமான ஒப்பந்த ஆர்பிட்ரேஷன், செவிலியராக இருந்தவருக்கு மருத்துவ அலட்சிய வழக்குகள். அளவுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த வக்கீலைத் தேடும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள்.

கோர்ட்டுக்கே போக வேண்டாம், நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சம்பளத்துக்குச் சேர்கிறேன் என்றால் விதி 49 உங்களைத் தொடாது. அதற்கு வக்கீல் பதிவே தேவையில்லை. சம்பள இடைவெளியும் சின்னது. 30களில் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வேலையில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் தொழில் செய்யும் வக்கீல் இல்லை. வக்கீல்-கட்சிக்காரர் ரகசியத்துக்கு உள்ள முழுப் பாதுகாப்பு நிறுவனங்களின் உள்சட்ட ஆலோசகர்களுக்குக் கிடையாது என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிலருக்கு எல்.எல்.பியே தேவைப்படாது. கண்டுபிடிப்புகளுக்கு பேடண்ட் வாங்கித் தரும் பேடண்ட் ஏஜென்ட் ஆக வேண்டுமானால் சட்டம் கேட்பது அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும், அதற்கான தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான். பி.இ முடித்துவிட்டு 'ஐ.பி. லா பண்ணணும்' என்று மூன்று வருஷம் ஒதுக்க நினைப்பவர்கள், முதலில் இந்தத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். வேலையை விடாமலே தயாராகக்கூடிய தேர்வு.

விண்ணப்பம் போடுவதற்கு முன் செலவில்லாமல் ஒன்றைச் செய்யலாம். ஒரு வாரம் லீவு போட்டு உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். பெரும்பாலான வழக்குகளின் விசாரணை திறந்த மன்றத்தில்தான் நடக்கும். பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்றைய வழக்குப் பட்டியலை இ-கோர்ட்ஸ் தளத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வழக்கு கூப்பிடப்படுகிறது, அதில் எத்தனைக்கு வாய்தா, ஜூனியர்கள் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று ஐந்து நாள் குறித்து வையுங்கள். ஆறாவது நாளும் போகத் தோன்றினால் கல்லூரிப் பட்டியலைத் திறக்கலாம்.